கடன் வாங்கிய வழக்கம்

காலை 7.20

ஃப்ரீசரின் பிளக் தரையில் கிடந்தது. கதவு கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே பனி உருகித் தட்டுத் தட்டாகச் சொட்டி, தரையில் வாசல் வரை ஓடியிருந்தது. அந்தத் தண்ணீரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் கிருமி சார். மடியில் ஒரு தட்டு, தட்டில் விரல் நீளக் குப்பிகள்.

"போச்சும்மா. எல்லாம் உருகிப் போச்சு. இங்க இருந்தது ஒண்ணு விடாம செத்துப் போச்சு."

வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். அவளை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் 'பஞ்சாயத்து' என்பார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், இப்போது முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். ஒத்துப்போகாத ஆட்களை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, சேர்ந்து திட்டம் போட வைப்பதுதான் அவள் பிழைப்பு. எலியையும் பூனையையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிற வேலை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இன்று சிரிக்கிற நாள் இல்லை.

இங்கே மூன்று ஆய்வுக்கூடங்கள். கிருமி சார் 'தின்னி' வளர்க்கிறார். எந்த மருந்துக்கும் அடங்காத நோய்க்கிருமியைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர் அது. எதிர்ச்சாரி ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரம்மா அதை நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கிறார். தின்னி உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வழக்கமாக இரண்டு நாள் ஆகும். அதை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுகிற கருவியைச் செய்துகொண்டிருப்பவர் மெஷின் சார். மூவரும் பல வருஷமாக ஆளுக்கொரு அடுப்பு மூட்டி, ஒருவர் புகையை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தவர்கள். சேர்ந்து ஒரே திட்டம் போடுங்கள், இல்லாவிட்டால் மூன்றையும் மூடுகிறோம் என்று மேலிடம் சொன்ன பிறகுதான் பஞ்சாயத்து வந்தாள்.

வந்தபோது அது வெறும் வேலை. பாதியில் அக்கா மகள் குட்டியின் காலில் புண் வந்தது. பதினாறு வயது. கெண்டைக்காலில் ஆணி கிழித்த சின்னக் கீறல்தான். எந்த மருந்தும் கேட்கவில்லை. தின்னியை முதன்முதலில் வாங்கிக்கொள்ளப் போகிறவள் குட்டிதான் என்று ஆனபிறகு, பஞ்சாயத்து அந்த மூவரையும் சேர்த்துவைக்கக் காலில் விழாத குறையாக அலைந்தாள்.

திங்கட்கிழமை மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. புண்ணின் சிவப்பு முழங்காலைத் தாண்டிவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு அந்தக் காலையே வெட்டி எடுக்கிறார்கள்.

"யாரு சார் இப்படிப் பண்ணியிருப்பாங்க?"

"யாரு பண்ணினா என்னம்மா? வேலை செய்யலன்னு முடிவு கட்டின மருந்து. இருந்தாலும் ஒண்ணுதான், செத்தாலும் ஒண்ணுதான்."

அந்தப் பதில்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. வேலை செய்யாத மருந்தைக் கெடுக்க யாராவது விடியற்காலையில் எழுந்து வருவார்களா? செத்த பாம்பை அடிக்க ஒருவன் கம்போடு வந்தான் என்றால், அந்தப் பாம்பு எப்போது செத்தது என்பதில் ஏதோ இருக்கிறது. நீரில் மூழ்குகிறவள் துரும்பையும் பிடிப்பாள். அவள் பிடித்தாள்.

குனிந்து ஃப்ரீசருக்குள் பார்த்தாள். கீழ்த்தட்டில், பெட்டிகளுக்குப் பின்னால் மூலையில் ஒரு பிளாஸ்டிக் கப். அதில் பாதி தண்ணீர், பாதி பனிக்கட்டி. மிதக்கிற பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு நட்டு உறைந்து ஒட்டியிருந்தது. அதைச் சுற்றிப் பனியில் துருக் கறை.

அவள் கப்பை எடுத்துப் பக்கத்து அறை ஃப்ரீசரில் வைத்தாள். ஏன் என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி அது மனதை அரித்தது, அவ்வளவுதான்.

காலை 8.00

வாசல் காவலாளி அடித்துச் சொன்னார்.

"வெளியாள் ஒரு ஈ காக்கா வரல. ராத்திரி எட்டுக்குப் பூட்டினேன். விடிகாலைல அஞ்சுக்கு மேல மூணு பேரும் முன்னப் பின்ன வந்தாங்க."

"மூணு பேருமா?"

"தூக்கம் வந்தாத்தானே? நேத்து நீங்க போட்ட சண்டை தெருவுக்கே கேட்டுச்சு."

நேற்று மாலைதான் டாக்டரம்மா அறுவை சிகிச்சை என்று அறிவித்தார். உன் மருந்து சரியில்லை என்றார் அவர். கொடுத்த முறை சரியில்லை என்றார் கிருமி சார். "நாளைக்குக் காலைல குப்பிய எடுத்துப் பரிசோதிச்சு உங்க மூஞ்சில எறியறேன்" என்று சவால் வேறு. மெஷின் சார் மட்டும் வாய் திறக்கவில்லை.

ஃப்ரீசர் அறைக்கு மூன்று சாவிகள். ஆளுக்கொன்றாகக் கொடுக்க வைத்தது பஞ்சாயத்தேதான். கூட்டுத் திட்டத்தில் அவள் பெருமைப்பட்ட பகுதி அது. ஒருவர் பொருளை இன்னொருவர் காக்க வேண்டும். கிருமி சாரின் ஃப்ரீசர் நின்றால் அபாய மணி மெஷின் சாரின் போனில் அடிக்கும். அவர் கருவியை டாக்டரம்மா ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். இப்படி ஒரு வட்டம்.

திருடன் கையில் சாவியைக் கொடுத்ததே நான்தானோ?

காலை 8.30

கிருமி சார் ஈர உடையை மாற்றக்கூட இல்லை.

"கடைசியா எப்ப சார் தின்னியப் பரிசோதிச்சீங்க?"

"போன வாரம், நாலு நாள் லீவு விட்டாங்களே, அதுக்கு முந்தின நாள். துள்ளிக்கிட்டு இருந்துச்சும்மா. அப்புறம் திங்கக்கிழமை மேல் தட்டுல இருந்து எடுத்து டாக்டரம்மாகிட்ட குடுத்தேன்."

"நடுவுல பாக்கலையா?"

"எதுக்குப் பாக்கணும்? உறைஞ்சு கிடக்கிற வரைக்கும் வருஷக்கணக்கா தாங்கும். உருகினாத்தான் சாவு."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"எங்கம்மா? பக்கத்து மேஜைல என்ன வேலை நடக்குதுன்னே தெரியாத கூட்டம். மெஷின் சார்கூட இந்தச் செவ்வாக்கிழமைதான் டீ வாங்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்து அக்கறையாக் கேட்டாரு. உருகினா என்ன ஆகும், மறுபடி உறைய வச்சா சரியாகுமான்னு. உங்க புண்ணியத்துல மனுஷன் மாறிட்டாரேன்னு நினைச்சேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கூடி வாழ்ந்தா கோடி நன்மைன்னு நம்பினேன் பாரு."

அறையை விட்டு வெளியேறும்போது அவள் தரையைக் கவனித்தாள். ஃப்ரீசருக்குப் பக்கத்தில், அதே சுவிட்ச் பலகைக்குக் கீழே, அழுக்குத் தரையில் நான்கு சதுரங்கள் மட்டும் பளிச்சென்று சுத்தமாக இருந்தன. கனமான ஏதோ ஒன்று வெகுநாள் நின்று, சமீபத்தில் நகர்ந்த இடம்.

காலை 9.00

டாக்டரம்மா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே பேசினார். நிற்க நேரமில்லாதவர்.

"நான் அந்த பிளக்கப் புடுங்கல. எனக்கு அந்த மருந்து வேலை செஞ்சிருக்கணும்னுதான் ஆசை. இது என் நோயாளி."

"என் அக்கா பொண்ணு டாக்டர்."

அவர் நின்றார். குரல் இறங்கியது. "தெரியும்மா."

"வேற வழியே இல்லையா?"

"ரெண்டு குப்பி என்கிட்ட இருக்கு, ரத்த வங்கி ஃப்ரீசர்ல. லீவுக்கு முன்னாடியே வாங்கி வச்சேன். அன்னிக்குக் கடன் விளையாட்டு ஒண்ணு வச்சீங்களே, ஒருத்தர் வழக்கத்த இன்னொருத்தர் கடன் வாங்கணும்னு. எல்லாத்தையும் ஒரே தட்டுல வைக்காம பிரிச்சு வைக்கறது கிருமி சார் வழக்கம். அதத்தான் எடுத்துக்கிட்டேன்."

"அதக் குடுக்கக் கூடாதா?"

"திங்கக்கிழமை குடுத்ததும் அதே தயாரிப்புதான். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். வேலை செய்யாததைக் குடுத்து இன்னொரு நாளப் போக்கினா, கால் இல்லம்மா, ஆளே போயிடுவா."

அறைக் கதவு திறந்திருந்தது. குட்டி காய்ச்சலில் கிறங்கிக் கிடந்தாள். அக்கா அவள் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாதத்தைத்தான் எடுத்துவிடப் போகிறார்கள். முழங்காலுக்கு மேலே, சிவப்பு முடிகிற இடத்தில், டாக்டரம்மா பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார்.

"உன்ன நம்பித்தானடி கையெழுத்துப் போட்டேன்," என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

காலை 9.30

மெஷின் சார் தன் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"மணி அடிக்கலையா சார்?"

"அடிக்கல. மணியோட சுவிட்சையே யாரோ அணைச்சிருக்காங்க. ரூமுக்குள்ள போறவங்க யாரு வேணா அணைக்கலாம்."

"லீவுல எப்பவாவது அடிச்சுதா?"

"லீவுலயா? இல்லையே." துணி ஒரு கணம் நின்றது. "எதுக்கு லீவப் பத்திக் கேக்கறீங்க? புடுங்கினது இன்னிக்குத்தானே?"

"சும்மாதான். இந்த மெஷின் முன்னால ஃப்ரீசர் ரூம்லதானே இருந்துச்சு?"

"அங்க இடம் பத்தல. திங்கக்கிழமை இங்க கொண்டு வந்துட்டேன்."

"அந்தக் கடன் விளையாட்டுல நீங்க யாரோட வழக்கத்தக் கடன் வாங்கினீங்க?"

அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "அன்னிக்கு நான் லேட்டு. கூட்டம் முடிஞ்சு டீக்குத்தான் வந்தேன். நீங்ககூடத் திட்டினீங்களே."

ஆமாம், திட்டினாள். அந்த நாள் முழுசாக அவள் கண் முன்னால் வந்தது. டாக்டரம்மா தன் வழக்கத்தைச் சொன்னது, கிருமி சார் சிரித்துக்கொண்டே கருவிக் கூடத்து டப்பாவிலிருந்து ஒரு நட்டைப் பொறுக்கியது.

பஞ்சாயத்து அந்தக் கப்பை எடுக்கத் திரும்பினாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

காலை 10.30

திட்ட அறை. சுவர் முழுக்க மூன்று வண்ணத்தில் சீட்டுகள். எட்டு மாதக் கனவு அங்கே குண்டூசியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூவரும் ஆளுக்கொரு மூலையில், முதல் நாள் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு அரை மணி நேரம்கூட இல்ல," என்றார் டாக்டரம்மா.

"எனக்கும் இல்ல டாக்டர்." பஞ்சாயத்து மேஜை நடுவில் அந்தக் கப்பை வைத்தாள். "இது என்ன?"

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "எங்க ரத்த வங்கி வழக்கமாச்சே இது! ஒரு கப்புல தண்ணிய உறைய வச்சு, மேல ஒரு காச வைப்போம். காசு மேலயே இருந்தா நல்லது. காசு அடில போயிருந்தா..."

அவர் கப்பைக் கிட்டே இழுத்தார்.

"சொல்லுங்க டாக்டர்."

"நடுவுல கரண்ட் போயி உருகி, மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"கடன் விளையாட்டு அன்னிக்குக் கிருமி சார் இந்த வழக்கத்தத்தான் கடன் வாங்கினாரு. காசுக்குப் பதிலா ஒரு நட்டு. அப்ப சார், நட்ட எங்க வச்சீங்க?"

"மேலம்மா. பனிக்கு மேல." கிருமி சார் கப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மூலைல வச்சவன் அப்புறம் பெட்டிகள அடுக்கி மறைச்சுட்டேன். மறந்தே போயிட்டேன்."

"இன்னிக்குக் காலைல நான் பாத்தப்ப பாதிப் பனி இன்னும் உருகாம மிதந்துச்சு. நட்டு மிதக்கிற கட்டியோட அடிப்பக்கத்துல உறைஞ்சிருந்துச்சு. இன்னிக்குத்தான் முதல் தடவையா உருகுதுன்னா, மேல இருந்த நட்டு ஒண்ணு பனி மேலயே இருக்கணும், இல்ல வழுக்கித் தண்ணிக்குள்ள விழுந்து கிடக்கணும். கட்டியோட அடில போய் உறைஞ்சிருக்க முடியாது. துருவும் ஏறியிருக்கு. ரெண்டு மணி நேரத்துல ஏறுற துரு இல்ல. இந்த ஃப்ரீசர் ஏற்கெனவே ஒரு தடவ முழுசா உருகி, மறுபடி உறைஞ்சது. எப்போ? துள்ளிக்கிட்டு இருந்த தின்னி திங்கக்கிழமை வேலை செய்யல. அப்ப நடுவுல இருந்த நாலு நாள் லீவுலதான். ஃப்ரீசர் பக்கத்துல, அதே கரண்ட் லைன்ல, பெரிய மெஷின் ஒண்ணு லீவுல ஓடியிருக்கணும். லீவு முடிஞ்ச அன்னிக்கே அதை ஒருத்தர் அவசரமா இடம் மாத்தினாரு. மறுநாளே, உருகினா என்ன ஆகும்னு டீ வாங்கிக் குடுத்துக் கேட்டாரு. இன்னிக்குக் குப்பியப் பரிசோதிக்கப் போறாங்கன்னதும் விடிகாலைல வந்து பிளக்கப் புடுங்கினாரு. இன்னிக்குத்தான் செத்துச்சுன்னு எல்லாரும் நம்பணும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாத்தாரு." அவள் திரும்பினாள். "மறைச்சது நீங்கதான் மெஷின் சார். கப்பு ஒண்ணு இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது. அன்னிக்கு நீங்க லேட்டு."

மெஷின் சாரின் தலை மெல்ல மெல்ல மேஜையில் சாய்ந்தது.

"சனிக்கிழமை மணி அடிச்சிருக்கு. செல்போன சார்ஜ்ல போட்டுட்டு மறந்துட்டேன். மறுநாள் பாத்துட்டு ஓடி வந்தா லைன் ட்ரிப் ஆகி, கரண்ட் இல்லாம கிடக்கு, என் மெஷினாலதான். போட்டுவிட்டேன். உறைஞ்சிடுச்சு, சரியாப் போச்சுன்னு நினைச்சேன். சத்தியமா எனக்குத் தெரியாது, செத்துடும்னு. செவ்வாக்கிழமைதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள குடுத்துட்டாங்க."

"அப்பவாவது சொல்லக் கூடாதாய்யா?" கிருமி சார் கத்தினார்.

"சொன்னா நீங்க மறுபடி என்னோட உக்காருவீங்களா? எட்டு மாசமா இப்பத்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறோம். காப்பாத்தறேன்னு சாவி வாங்கினவன் நான். எல்லாக் குப்பியும் அந்த ஃப்ரீசர்லதான்னு நினைச்சேன். எல்லாமே செத்தாச்சு, இனிமே சொல்லி அந்தப் பொண்ணு கால் வரப் போகுதா? தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்னன்னு..."

"வெள்ளம் தலைக்கு மேல போகல சார்!" பஞ்சாயத்தின் குரல் உடைந்தது. அவள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னீங்களே டாக்டர். பானை ஒண்ணுதான். ஆனா உங்க ரெண்டு குப்பியும் லீவுக்கு முன்னாடியே வேற அடுப்புக்குப் போயிடுச்சு. அது உருகவே இல்ல. தின்னி தோத்துப் போகல டாக்டர். குட்டிக்கு நீங்க இன்னும் தின்னியக் குடுக்கவே இல்ல."

நாற்காலிகள் சரிந்தன. டாக்டரம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே படியில் ஓடினார். அறுவை அறையில் யாரும் எடுக்கவில்லை.

காலை 10.50

தெருவைக் கடக்கையில் பஞ்சாயத்தின் செருப்பு ஒன்று கழன்று போனது. அவள் நிற்கவில்லை.

குட்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மயக்க மருந்து ஏறிவிட்டது. டாக்டரம்மா கதவை மோதித் திறந்து, "நிறுத்துங்க!" என்று போட்ட சத்தத்தில் ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டது.

வெளியே வந்தவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "நாளைக் காலை வரைக்கும் தரலாம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தர மாட்டேன். குப்பில இருக்கறது உசிரோட இருக்கான்னு எனக்கு நிச்சயமாத் தெரியணும். ரெண்டு நாள் பரிசோதனைக்கெல்லாம் நேரமில்ல."

ஒரு மணி நேரத்தில் சொல்லக்கூடிய கருவி உலகத்தில் வேறு எங்கே இருந்ததோ, இந்தத் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒன்று இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். தாழ்வாரத்தின் கடைசியில், கிட்டே வரத் துணியாமல் நின்றுகொண்டிருந்தார்.

கிருமி சார் அவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். பஞ்சாயத்துக்கு அவர் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவள் போய் அவர் முன்னால் நின்றாள்.

"உங்கள மன்னிக்கல சார். மன்னிப்பேனான்னும் தெரியல. வாங்க, மெஷினப் போடுங்க."

கருவிக் கூடத்தில் கிருமி சார் ரத்த வங்கிக் குப்பி ஒன்றைத் திறந்து ஒரு துளி எடுத்தார். எடுத்த கையை மெஷின் சார் தாங்கிப் பிடித்தார், அவ்வளவு நடுக்கம். டாக்டரம்மா குட்டியின் புண்ணிலிருந்து எடுத்த கிருமியைக் கொண்டுவந்து கலந்தார். எட்டு மாதமாகச் சுவரில் சீட்டு ஒட்டியும் நடக்காதது அன்று நடந்தது. மூவரும் ஒரே மேஜையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே திரையைப் பார்த்தார்கள். கோடு நேராகவே போய்க்கொண்டிருந்தது. பஞ்சாயத்து நகத்தைக் கடித்து ரத்தம் வர வைத்திருந்தாள்.

பிறகு கோடு சரிந்தது. கிருமிகள் குறைகின்றன என்று அர்த்தம்.

"தின்னுது," என்றார் மெஷின் சார். அவருக்கு அழுகை வந்தது. "உசிரோட இருக்கு. தின்னுது."

மறுநாள் காலை 6.00

தின்னி கொடுத்து ஓர் இரவு ஆகியிருந்தது. டாக்டரம்மா போர்வையை விலக்கினார். பேனாக் கோடு அப்படியே இருந்தது. சிவப்பு அதைத் தாண்டவில்லை. தாண்டாதது மட்டுமில்லை, கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் தோல் தெரிந்தது. அவர் பேனாவை எடுத்து, ஒரு விரல் கீழே புதுக் கோடு போட்டார்.

அக்கா எழுந்து வந்து தங்கையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

குட்டி கண் விழித்தாள். கை தானாகப் போர்வைக்குள் போய்த் தேடியது.

"சித்தி... கால் இருக்கா?"

"இருக்குடி கண்ணு. இருக்கு."

வாசலுக்கு வெளியே பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர் அந்தக் குரலைக் கேட்டு எழுந்து நின்றார். முதல் குப்பி எப்படிச் செத்தது என்று அந்தப் பெண்ணிடம் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மேலிடத்திடம் சொல்ல வேண்டும். பஞ்சாயத்து போட்ட நிபந்தனை அது.

அவள் கதவைத் திறந்துவிட்டாள். "உள்ள வாங்க சார். இந்தக் கூட்டத்துக்காவது லேட்டா வராதீங்க."